‘அதுக்கு ஆள் இருக்காங்க’: உடைந்த மலக்குழாயும் உடையாத சாதியும்

போன மாதம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தரைக்கு அடியில் போகும் கழிவுக் குழாய் உடைந்தது. தாம்பரத்தைத் தாண்டி, மூன்று குடித்தனம் இருக்கும் பழைய வீடு. தண்ணீர் கேன் இறக்க வந்த டெம்போ பின்னால் எடுக்கும்போது நடைபாதையில் ஏறிவிட்டது. இரண்டு நாளில் அந்த இடத்தில் தளக்கல் இறங்கியது. மூன்றாம் நாள் கல் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது.

வீட்டுக்காரர் பிளம்பரை வரச் சொன்னார். நல்ல வேலைக்காரர். அதற்கு முந்தைய மாதம்தான் அதே நடைபாதையைத் தோண்டி, சமையலறைத் தண்ணீர் போகும் குழாயை மாற்றிக் கொடுத்திருந்தார். இந்த முறையும் கல்லைப் பெயர்த்து ஒன்றரை அடி தோண்டினார். உடைந்த குழாய் தெரிந்தது. எந்த லைன் என்று பார்த்தவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

“இது கக்கூஸ் லைன் சார். நான் கை வைக்க மாட்டேன். அதுக்கு ஆள் இருக்காங்க. அவங்கள வரச்சொல்லி சுத்தம் பண்ணிட்டீங்கன்னா, நான் வந்து பைப்ப மாட்டிக் குடுத்துடுறேன்.”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீங்க அவங்க மத்தியிலதானே வேலை பாக்குறீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருப்பாங்கல்ல?”

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஏப்ரல் 14 அன்று நான் அம்பேத்கர் படம் போட்டால் கைகூப்பும் பொம்மை அனுப்புகிறவர். சாதி பார்ப்பதில்லை என்று அவரே பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பிளம்பர் சொன்னதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. “நான் கை வைக்க மாட்டேன்” என்பது முதல் வாக்கியம். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அடுத்தவர் மலத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் உண்டு. “அதுக்கு ஆள் இருக்காங்க” என்பது இரண்டாவது வாக்கியம். எனக்கு இருக்கும் அந்த உரிமை இல்லாத ஒரு கூட்டம் இந்த ஊரில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த இடத்தில் நின்ற நான்கு பேரில் யாருக்கும் அந்தக் கூட்டம் எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பிளம்பர் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்காரரும் கேட்கவில்லை. ஆனால் இருவருக்கும் தெரியும். என்னிடம் கேட்டால் கிடைக்கும் என்றும் தெரியும்.

முதலில், மண்ணுக்கடியில் உடைந்த குழாயைச் சரிசெய்வது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதில் ‘ஆள்’ இறங்குவதற்கு அவசியமே இல்லை.

குழாய் உடையக் காரணங்கள் சாதாரணமானவை. பழைய வீடுகளில் போட்ட மண் குழாய்களின் இணைப்பில் சிமெண்ட் உதிரும், அந்த இடுக்கில் வேப்பமர வேர் நுழையும். புதிய வீடுகளில் பிவிசி குழாயை அடியில் மணல் விரிக்காமல் கல்லும் கட்டியுமாகக் கிடக்கும் மண் மேலேயே வைத்து மூடிவிடுவார்கள். மேலே வண்டி ஏறினால் விரிசல் விடும். வண்டி போகும் இடத்தில் குழாயைச் சுற்றி கான்கிரீட் போட வேண்டும், அதையும் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்கக் குழிக்குள் தலையை விட வேண்டியதில்லை. வரிசையாக இருக்கும் சேம்பர் மூடிகளைத் திறந்து, தள்ளி நின்று பார்த்தால் போதும். ஒரு சேம்பரில் தண்ணீர் தேங்கி நின்று, அடுத்ததில் வற்றிக் கிடந்தால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக்கள் நகரங்களில் வந்துவிட்டன.

அடுத்து, தண்ணீர் வரத்தை நிறுத்த வேண்டும். மாடியிலிருந்து கீழ்வீடு வரை எல்லோரும் அரை நாள் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். கழிவுநீர் லாரியை வரவழைத்துச் சேம்பரை உறிஞ்சி எடுக்க வேண்டும். மேல் பக்கத்துச் சேம்பரிலிருந்து ஜெட் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் குழாயைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் லாரியே உறிஞ்ச வேண்டும். சில மணி நேரம் காய விட வேண்டும். பிறகு குழாயின் இரண்டு பக்கமும் அகலமாகத் தோண்டி, மண்ணைக் குழி ஓரத்தில் குவிக்காமல் இரண்டடி தள்ளிப் போட்டு, உடைந்த துண்டை அறுத்து எடுக்க வேண்டும். மணல் விரித்து, நாலடிக்கு ஒரு அங்குலம் சரிவு பார்த்து, புதுக் குழாயைக் கப்ளிங் போட்டு இணைக்க வேண்டும். மூடும் முன் தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். கையுறை, பூட்ஸ், முகக்கவசம், வேலை முடிந்ததும் சோப்பு, சுடுதண்ணீர்.

இவ்வளவுதான். இது பிளம்பரும் கொத்தனாரும் செய்யும் வேலை. இதில் எந்தக் கட்டத்திலும் மலத்தைக் கையால் அள்ள வேண்டிய தேவை இல்லை. அரை நாள் பொறுமைக்கும், லாரிக்கும் ஜெட்டுக்கும் ஆகும் காசுக்கும் பதிலாகத்தான் ஒரு மனித உடம்பை இறக்குகிறோம். அந்த உடம்பு மலிவு. ஏன் மலிவு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதித்து, அதில் இருப்பவர்களுக்கு மறுவாழ்வு தரச் சொல்லும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. பாபாசாகேப் மறைந்த நாள் அது. இந்தச் சட்டம் நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தவறு. பாதாளச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது 7 ஆவது பிரிவு. ‘எந்த நபரும்’ என்றால் வீட்டுக்காரர். ‘மறைமுகமாக’ என்றால், பிளம்பரிடம் சொல்லி அவர் இன்னொருவரைக் கூட்டிவருவது. ‘சாக்கடை’ என்பதற்கும் அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது: மனித மலத்தைக் கொண்டுபோகும், நிலத்தடியில் உள்ள குழாய். தெருவில் இருக்கும் பெரிய மேன்ஹோல் மட்டும் அல்ல, உங்கள் வீட்டு நடைபாதைக்குக் கீழே போகிற நாலு அங்குலக் குழாயும் அதில் அடக்கம்.

முதல் தடவை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை. பிணையில் விட முடியாத குற்றம். இறக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராக இருந்து, மலம் அள்ளும் வேலைக்கு வைக்கப்பட்டிருந்தால், 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். வீட்டு வாசலில் நின்று “ஆள் இருக்காங்களா” என்று கேட்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் செய்ய வைத்தால்தான் அது ‘ஆபத்தான சுத்தம்’. கருவியும் கவசமும் கொடுத்துவிட்டால் அவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். இந்த வார்த்தை விளையாட்டை வைத்துத்தான் கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல முடிந்தது. மலக்குழியில் செத்தவர்கள் வேறு கணக்கில் இருக்கிறார்கள். பிணம் ஒன்றுதான், பதிவேடுதான் வேறு.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 தீர்ப்பில், மலக்குழி மரணம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசரம் என்றாலும் பாதுகாப்பின்றி இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். இந்தப் பணத்துக்கு அலையும் குடும்பங்களோடு நான் அலுவலகம் அலுவலகமாகப் போயிருக்கிறேன். நகராட்சி ஒப்பந்த வேலையில் இறந்தால் ஒரு கோப்பாவது இருக்கும். தனி வீட்டில் இறந்தால் “அவரை யார் கூப்பிட்டது?” என்பதே முதல் கேள்வி. வீட்டுக்காரர் பிளம்பரைக் காட்டுவார். பிளம்பர், “போன் நம்பர் குடுத்தேன், அவ்வளவுதான்” என்பார். கூலிக்கு ரசீது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதால் வருகைப் பதிவும் கிடையாது. ஒரு மனிதர் தானாகவே வந்து அந்த வீட்டுக் குழியில் இறங்கிச் செத்துப்போனார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’. தாக்கியது வாயு. இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். “வாடை போயிடுச்சு, இறங்கலாம்” என்று நினைக்கும் நொடியில்தான் ஆபத்து அதிகம். அது காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். முதலில் இறங்கியவர் சுருண்டு விழ, அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் மைத்துனரும் அடுத்தடுத்து விழுகிறார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனை அல்ல. மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கும்.

இன்னொன்று, வீட்டில் இருப்பவர்கள் யாரும் சொல்லாதது. ஆளைக் கூப்பிடும் முன் எல்லோரும் ஆசிட் ஊற்றிப் பார்த்திருப்பார்கள். அடுத்த நாள் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வருகிறவரிடம் “ஏற்கெனவே ஆசிட் ஊத்தியிருக்கோம்” என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். என் தாய்மாமா பேரூராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவருடைய வலது முன்கையில் மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கியிருக்கும். ஒரு டாக்டர் வீட்டுச் சேம்பரில் வாங்கியது. அந்த வீட்டில் கூலியும் குவார்ட்டருக்குக் காசும் கொடுத்தார்கள். காயத்துக்கு மருந்து கொடுக்கவில்லை. குடித்தால்தான் இறங்க முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு அவர்களே, “இவனுங்க எப்பவும் குடிச்சிட்டுத்தான் இருப்பானுங்க” என்பார்கள்.

இதை எங்கே பேசினாலும் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

“காசு குடுக்குறோம், அவங்களும் விருப்பப்பட்டுத்தானே வர்றாங்க?” காசு கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்றால், அதே காசுக்கு உங்கள் சாதியில் இருக்கும் ஏழை ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தக்காரர்களில் வேலையில்லாத பையன் இல்லையா? அவனிடம் கேட்கக் கூட உங்களுக்கு வாய் வராது. ஏழ்மை எல்லாச் சாதியிலும் இருக்கிறது. இந்தக் குழியில் இறங்கும் ஏழ்மை மட்டும் ஏன் சேரியிலிருந்தே வருகிறது?

“இந்த வேலையையும் நிறுத்திட்டா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?” இந்தக் கரிசனம் எங்கள் பிள்ளைகள் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே போகிறது? துப்புரவுத் தொழிலாளியின் மகன் பிளம்பிங் கற்றுக்கொண்டு வந்தால், சமையலறைக் குழாயைப் பழுதுபார்க்க அவனைக் கூப்பிடுவீர்களா? ஐடிஐ படித்த பையன்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். ஊரில் அவர்களைக் கூப்பிடுவது ‘கக்கூஸ் லைன்’ வேலைக்கு மட்டும்தான். சான்றிதழ் இருக்கிறது. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

“எங்க சந்துக்குள்ள மெஷின் வராது.” லாரி வராது, அதன் குழாய் வரும். ராடு வரும். ஃபிரிட்ஜும் பீரோவும் வந்த வழியில் இதுவும் வரும். உண்மையிலேயே வர வழியில்லாத வீடு என்றால், அந்த வீட்டைக் கட்டும்போதே ஒரு மனிதர் இறங்குவார் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இதுதான் நாம் அதிகம் பேசாத விஷயம். குழாய் திரும்பும் இடத்திலும், இன்னொரு குழாய் வந்து சேரும் இடத்திலும் சேம்பர் வைக்க வேண்டும் என்பது கட்டுமானத்தில் அரிச்சுவடி. அழகு கெடுகிறது என்று சேம்பர் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறோம். செப்டிக் டேங்க் மேலே படிக்கட்டு கட்டுகிறோம். வாஸ்து பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், குழாய் எந்த வழியில் போகிறது என்று ஒரு வரைபடம் கேட்டு வாங்குவதில்லை. என்ன நடந்தாலும் இறங்கிப் பார்க்க ‘ஆள் இருக்காங்க’ என்ற தைரியம். நம் வீடுகளின் அஸ்திவாரத்திலேயே சாதி இருக்கிறது என்று சொன்னால் மேடைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். கொத்தனார் போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

பிளம்பர் மீது எனக்குக் கோபம் குறைவு. அவரும் தினக்கூலிக்கு அலைகிறவர். வீட்டுக்காரர் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலை இந்தச் சமூகம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியதை முதுகலை வகுப்பில் பரீட்சைக்காகப் படித்தேன். ஒன்றரை அடிக் குழியின் ஓரத்தில் நின்றுதான் முழுதாகப் புரிந்தது. மேலே இருப்பவரை எதிர்க்க வேண்டிய மனிதர், கீழே ஒருவர் இருப்பதால் அமைதியாகிவிடுகிறார்.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். “எனக்கு ஆள் யாரையும் தெரியாது சார். லாரிக்காரர் நம்பர் தெரியும்” என்றேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. ஆள் என்றால் 800 ரூபாயில் முடியும், லாரியும் ஜெட்டும் சேர்ந்து 2,500 என்றார். வித்தியாசம் 1,700. மூன்று குடித்தனத்துக்குப் பிரித்தால் தலைக்கு 567 ரூபாய். ஒரு மனிதரின் நுரையீரலுக்கும் மானத்துக்கும் நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து போட்ட விலை அதுதான். நான் கணக்கைச் சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரரே லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

மறுநாள் லாரி தெருவிலேயே நின்றது, குழாய் மட்டும் உள்ளே வந்தது. உறிஞ்சினார்கள், ஜெட் வைத்துக் கழுவினார்கள். மாடியிலும் கீழேயும் மாலை வரை கழிப்பறைக்குப் பூட்டு. பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தோம். சாயங்காலம் அதே பிளம்பர் வந்தார். கையுறையும் பூட்ஸும் வாங்கி வைத்திருந்தேன். கொஞ்சம் தயங்கினார், போட்டுக்கொண்டார், உடைந்த துண்டை அறுத்து எடுத்துப் புதுக் குழாயை மாட்டினார். சோப்பு போட்டுக் கை கழுவி, டீ குடித்துவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை. எந்தச் சேரியிலிருந்தும் யாரும் வரவில்லை.

இதை நான் சாதித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அடுத்த தெருவில் அதே வாரம் ஒரு அண்ணன் பனியனைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு குழியில் நின்றதைப் பார்த்தேன். போய்ப் பேசினேன். “நீங்க போங்கம்மா, வேலையைக் கெடுத்துறாதீங்க” என்றார். வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைய கூலி வேண்டும். அந்த அம்மாவிடம் சட்டத்தைச் சொன்னேன், ஜன்னல் மூடியது. அவரைப் போகச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் கூப்பிடாமல் இருக்கும் கடமை அந்த வீட்டுக்கு இருந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஒவ்வொரு வார்டிலும் குறைந்த கட்டணத்தில் லாரியும் ஜெட்டும் கொடு. புதிய வீட்டுக்கு அனுமதி தரும்போது சேம்பர் இருக்கிறதா என்று பார். இறப்பு நடந்த வீட்டின் உரிமையாளர் மீது வழக்குப் போடு. ‘விபத்து’ என்று எழுதிக் கோப்பை மூடாதே. ஆனால் வீட்டு வாசலுக்குள் நடப்பதற்கு அரசை மட்டும் கைகாட்டிவிட்டு நீங்கள் தப்பிக்க முடியாது. போனை எடுத்து ஆளைக் கூப்பிடுவது நீங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் குழாய் உடையும்போது பிளம்பர் எழுந்து கை கழுவிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்வார். அப்போது “அதுக்குன்னு ஆள் யாரும் இல்லீங்க” என்று பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு லாரிக்குப் போன் போடுங்கள்.